அம்மா வதக்கும் வாசனை

அம்மா போன பிறகும் அந்த வீட்டில் வெங்காயம் வதங்கிக்கொண்டுதான் இருந்தது.

முதலில் மகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுக்குமாடி வீடு, ஒரு வீட்டுச் சமையல் இன்னொரு வீட்டுப் படுக்கையறைவரை வருவது புதிதா என்ன? மேல்வீட்டு வேலையாக இருக்கும் என்று நினைத்தாள். மேல்வீடு பூட்டிக் கிடந்தது. கீழ்வீட்டுக்காரர் தனிக்கட்டை, எல்லா வேளையும் கடையில் சாப்பிடுகிறவர். ஆனாலும் தினமும் முற்பகலில், அம்மா அடுப்பைப் பற்றவைக்கிற நேரத்துக்குச் சரியாக, சமையலறையிலிருந்து அந்த வாசனை கிளம்பியது. முதலில் மூக்கில் ஏறுகிற பச்சை நெடி. கொஞ்ச நேரத்தில் எண்ணெயில் விழுந்த ஈரம். அப்புறம் ஓரம் சிவந்து இனிப்பேறுகிற அந்த மணம். ஒருமுறை கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை அடங்காது. அவள் போய் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள். அடுப்பு சில்லென்று இருக்கும்.

பயமாக இருந்ததா என்றால், இருந்தது. படித்தவள், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், பேய் பிசாசு என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் சுத்தம் செய்தாள். புகைபோக்கி விசிறியைக் கழற்றிக் கழுவினாள். அலமாரிக் காகிதங்களை உருவிப் போட்டாள். அம்மாவின் பழைய இரும்புச் சட்டியைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். மறுநாள் முற்பகலில் வாசனை எந்தக் குறையும் இல்லாமல் வந்து நின்றது. கழுவிய சட்டியில் இன்னும் நன்றாகச் சமைக்க வருகிறது என்றுகூடத் தோன்றியது.

யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் உடைந்துபோவார். அத்தையிடம் சொன்னால் விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அடுத்த தெருவில் குடியிருந்துகொண்டு இந்தத் தெருவை ஆள்கிறவள். ஏற்கெனவே அத்தையின் வாய்க்கு மகள் வேண்டிய அளவு தீனி கொடுத்திருந்தாள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் அழவில்லை.

அழவேயில்லை. மதியம் படுத்த அம்மா எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தபோதும் சரி, எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டபோதும் சரி, அவள் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. நாற்காலி எடுத்துப் போட்டாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், செருப்புகளை ஒழுங்காக அடுக்கி வைத்தாள். "பெத்த தாய்க்குக் கண்ணு கலங்கலையே, கல் நெஞ்சுக்காரி," என்று அத்தை அவள் காதில் விழுகிற மாதிரியே ரகசியம் பேசினாள். அத்தை சொன்னது தப்பு என்று மகளுக்குத் தோன்றவில்லை. உள்ளே எங்கேயோ ஒரு குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது. அது எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வேலையிடத்தில் அவளுக்கு 'வெங்காய மேடம்' என்று பெயர். நோயாளிகளுக்கு எதை, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தருகிற வேலை. எந்தப் பேச்சையும் அவள் வெங்காயத்தில்தான் தொடங்குவாள். "எல்லார் வீட்டுலயும் இருக்கிற பொருள், அதனால அதையே எடுத்துக்குவோம்," என்பாள். பெரும்பகுதி தண்ணீர், கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம், நூறு கிராம் தின்றாலும் நாற்பது கலோரிதான். கொஞ்சம் விட்டமின் சி. குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளுக்குத் தீனியாகிற ஒருவகை நார். தோலை ஒட்டிய அடுக்கில்தான் சத்து கூடுதல், ஆகவே சருகோடு சதையையும் சேர்த்து உரித்துப் போடாதீர்கள். முழு வெங்காயத்துக்கு நெடி கிடையாது. கத்தி பட்ட பிறகுதான் உள்ளே தனித்தனியாக இருந்த இரண்டு சரக்கு ஒன்றுசேர்ந்து, கண்ணைக் கரிக்கிற ஆவி கிளம்புகிறது. அடுத்த பருவத்தில் பூப்பதற்காகச் செடி மண்ணுக்குள் ஒதுக்கி வைத்த சாப்பாட்டைத்தான் நாம் வெங்காயம் என்கிறோம்.

இதையெல்லாம் ஒருநாள் அம்மாவிடமும் ஒப்பித்தாள். அம்மா நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ, அது புள்ளைக்கு எடுத்து வெச்சதை நாம திருடித் திங்கிறோம்னு சொல்லு."

"சத்தைப் பத்திச் சொல்றேன்ம்மா."

"சத்துக்கா வெங்காயம் போடுறாங்க? போடி இவளே. வாசனைக்கு. வாசனை வந்தாத்தான் உள்ள உக்காந்திருக்கிற மனுஷனுக்குப் பசின்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வரும்."

அம்மாவுக்கு வெங்காயத்தால் இன்னொரு உபயோகமும் இருந்தது. அவள் அழுவதெல்லாம் வெங்காயத்தை வைத்துத்தான். அப்பாவோடு சண்டை, தன் தங்கச்சியைப் பற்றிய கவலை, மகள் தனியாக அறை எடுத்துக்கொண்டு போன வருத்தம், எது என்றாலும் நறுக்குப்பலகையை எடுத்துப் போட்டுக்கொள்வாள். அப்பா வாசலில் வந்து நின்று, "என்ன, வெங்காயமா?" என்பார். "வெங்காயம்தான், வேறென்ன?" என்று மூக்கை உறிஞ்சுவாள். அன்றைக்குக் குழம்பில் வெங்காயம் தூக்கலாக இருக்கும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

இப்போது அப்பா சாப்பிடுவதில்லை. அதற்காகத்தான் மகள் வேலைக்கு விடுப்பு போட்டு, தன் அறையைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிட்டாள்.

பேருந்துப் பணிமனையில் எஞ்சின்களோடு மல்லுக்கட்டிய உடம்பு அது. மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனால் இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாக முடிப்பார் என்பார்கள். இப்போது சட்டை, மாட்டிவைத்த ஆணியிலிருந்து இறங்கி அவர் தோளில் தொங்கியது. காலையில் ஒரு டம்ளர் பால். மற்றபடி எதை வைத்தாலும் இரண்டு வாய் அளைந்துவிட்டு, "வயிறு நெறைஞ்சிருக்கு பாப்பா," என்று தட்டைத் தள்ளிவிடுவார். சமையலறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அதட்டினாள், கெஞ்சினாள், தெரிந்த சத்துக் கணக்கையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தினாள். ஊருக்கெல்லாம் சாப்பிடச் சொல்லித்தருகிறவளுக்குச் சொந்த அப்பாவைச் சாப்பிட வைக்கத் துப்பில்லை என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் ஆஸ்பத்திரி டாக்டரே வந்து பார்த்தார். வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உடம்புல தாங்குற சக்தியே இல்லம்மா. சாதாரண வாந்தி பேதி வந்தாக்கூட எழுந்திருக்கமாட்டார். எப்படியாவது சாப்பிட வைங்க."

எப்படியாவது. அந்த எப்படியாவதைத் தேடித்தான் அவள் கதவுக்குப் பின்னால் தொங்கிய வலைப்பையிடம் போய்ச் சேர்ந்தாள்.

வெங்காயம் வாங்கினால் கட்டித்தருகிற சிவப்பு வலைப்பை அது. உள்ளே பெரிய பெரிய வெங்காயங்கள், பழுப்புச் சருகு போர்த்திக்கொண்டு. அம்மா கடைசியாக வாங்கி மாட்டியது. சாவு வீட்டில் சமைத்தவர்கள் கைவைக்கப் போனபோது அப்பா பாய்ந்து வந்து தடுத்தார். "அவ வாங்கி வெச்சது. யாரும் தொடக்கூடாது." மகள் புதிதாக வாங்கி வந்ததை வதக்கிப் போட்டால், ஒரு வாய் தொட்டுவிட்டு, "இது வேற," என்பார். வெங்காயத்தில் என்ன வேறு? ஆனால் அவர் அந்தப் பையை அவ்வப்போது தொட்டுப் பார்ப்பதை மகள் கவனித்திருக்கிறாள், தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல.

மற்றபடி அம்மாவின் பொருள் எல்லாம் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டுதான் வந்தது. பால்கனியில் அவளுடைய பூந்தொட்டிகள் வெறும் மண்ணோடு நின்றன. சிவப்பு லில்லி தலைநீட்ட வேண்டிய பருவம் இது. கவனிக்க ஆளில்லாமல் அதுவும் செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மனசு கேட்காமல், மகள் வெறும் மண்ணுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தப் பையிலேர்ந்து எடுத்து வதக்கினா சாப்பிடுவீங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"தீந்துபோயிடுமே பாப்பா."

"வெச்சிருந்தா அழுகிப்போயிடும்ப்பா. அம்மா அழுகவிடவா வாங்கினாங்க? நமக்குத் திங்கத்தானே வாங்கினாங்க?"

அவர் எழுந்தார். ஆணியிலிருந்து பையைத் தாமே கழற்றி, முடிச்சை அவிழ்த்து, இரண்டை எடுத்து அவள் கையில் வைத்தார். "முட்டை ஊத்தி, அவ பண்ணுவாளே, அந்த மாதிரி," என்றார். சாப்பாட்டைப் பற்றி அவராக வாய்திறந்தது அம்மா போனதற்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

சமையலறைக்குள் அவள் போனபோது வாசனை அங்கே தயாராக இருந்தது. அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகம். நெடி கண்ணுக்கே தெரிகிறதோ என்று நினைக்கிற அளவுக்குச் சமையலறை முழுக்க நிறைந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற உணர்ச்சியில் அவள் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. "நான்தான்ம்மா, பயமுறுத்தாத," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அம்மாவின் பலகையை எடுத்துப் போட்டாள்.

சருகை உரித்தாள். வெள்ளையும் இளம்பச்சையுமாக அடுக்கடுக்கான சதை. கத்தியை வைத்து அழுத்தினாள். கொழகொழவென்று ஒரு பால் கையில் ஒட்டியது. நாள்பட்டது, அப்படித்தான் இருக்கும் என்று துடைத்துக்கொண்டாள். நறுக்க நறுக்க அவள் காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், சமையலைவிட அதற்காகத்தான் அதிகம் காத்திருந்தாள். இது அம்மாவின் வெங்காயம். இதை நறுக்கினாலாவது கண் கரிக்கும், கரிக்கிற சாக்கில் மீதியும் வந்துவிடும். ஊர் உலகம் எல்லாம் அப்படித்தானே அழுகிறது?

ஒன்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கண் காய்ந்தே இருந்தது.

அவள் குனிந்து, முகத்தைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க்கூடப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பெற்ற தாய் கடைசியாக வாங்கிய வெங்காயம்கூட அவள் கண்ணைக் கலக்கவில்லை. அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்த அவமானத்தில் அவளுக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை. நறுக்கியதை வழித்துச் சட்டியில் போட்டாள்.

அது சிவக்கவில்லை. எண்ணெயில் கிடந்து கண்ணாடி மாதிரி ஆகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வாசனை மட்டும் சமையலறையில் பிரமாதமாக இருந்தது. ஆகவே எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று நம்பினாள். முட்டையை உடைத்து ஊற்றி, உப்பு தூவி, கிளறி இறக்கி, அப்பாவின் மடியில் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

அப்பா தட்டைப் பார்த்தார். பிறகு சமையலறை ஜன்னலைப் பார்த்தார். "வந்துட்டேன் இரு," என்று யாருக்கோ சொல்வதுபோல முணுமுணுத்துவிட்டு, ஒரு வாய் அள்ளினார்.

வாசனை நின்றது.

மெல்லக் குறைந்து மறையவில்லை. பேசிக்கொண்டிருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டதுபோல, ஒரே நொடியில் நின்றுவிட்டது. அந்த வீட்டில் காற்று வெறும் காற்றாக இருந்தது. அத்தனை நாளும் அந்த வாசனைக்குள்ளேயே இருந்து பழகிய மகளுக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த வெறுமைக்குள் தட்டிலிருந்து ஒரு மணம் வந்தது. புல் வெட்டிய மணம். ஜாடியில் நாள்பட்ட பூத்தண்டின் மணம். அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கிய வெங்காயத்தில், வெங்காயத்தின் வாடை ஒரு துளிகூட இல்லை.

கத்தி பட்டால் ஆவி கிளம்பும். ஆவி கிளம்பினால் கண் கரிக்கும். எத்தனை ஆயிரம் பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். கல்லாக இருந்தாலும் கரிக்கும். கரிக்கவில்லை என்றால்?

"துப்புங்க!"

அப்பா திடுக்கிட்டார். வாய் அசைந்துகொண்டிருந்தது.

"அப்பா, முழுங்காதீங்க! துப்புங்க, துப்புங்க!" அவள் அவர் தாடையைப் பிடித்து, வாய்க்குக் கீழே தன் கையை ஏந்தினாள். தட்டு தரையில் போய் விழுந்தது. அவர் பயந்துபோய், குழந்தை மாதிரி, அவள் உள்ளங்கையில் துப்பினார். அவள் விரலை விட்டு வாயை வழித்தாள், தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்க வைத்தாள், மறுபடியும் கொப்பளிக்க வைத்தாள்.

"என்ன பாப்பா இது? அவ வாங்கி வெச்சதை இப்படி..."

"அது வெங்காயம் இல்லப்பா."

சொல்லிவிட்டு அவள் பால்கனியைப் பார்த்தாள். வெறும் மண்ணோடு தொட்டிகள், அவள் தினமும் தண்ணீர் ஊற்றிய தொட்டிகள், வரிசையாக நின்றன. போனை எடுத்து அத்தைக்குப் போட்டாள்.

"அத்தை, அம்மா அந்த லில்லிச் செடியெல்லாம் என்ன பண்ணாங்க?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்! கிழங்கைத் தோண்டி எடுத்து, மண்ணு தட்டிக் காயப்போட்டிருக்கேன், அடுத்த பருவத்துக்கு உனக்கும் ரெண்டு தர்றேன்னு சொன்னாளே. வெங்காயப் பை ஒண்ணு சும்மா கெடந்துச்சு, அதுல போட்டு மாட்டிட்டேன்னா. ஏண்டி, தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல அத்தை. இருக்கு."

"பத்திரம். பாக்கத்தான் வெங்காயம் மாதிரி இருக்கும், வாயில வெச்சா குடலைப் புரட்டி எடுத்துடும். எங்க பூனை ஒண்ணு அதைக் கடிச்சிட்டு ரெண்டு நாள் வாந்தி எடுத்துச்சு. எனக்குச் சேர வேண்டிய ரெண்டை எடுத்து வை."

மகள் போனை வைத்தாள். அப்படியே தரையில் சிந்திய முட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சாதாரண வாந்தி பேதி வந்தாக்கூட என்று டாக்டர் சொன்னது காதில் ஓடியது. ஒரு வாய். இன்னும் ஒரு நொடி அந்த வாசனை இருந்திருந்தால், தன் கையாலேயே அப்பாவைக் கொன்றிருப்பாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. தலையை உயர்த்தி, மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பி, காற்றில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"பாப்பா," என்றார். "அந்த வாசனை போயிடுச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த வாசனைப்பா?"

"உனக்கும் வந்துச்சுன்னு தெரியும். விசிறியைக் கழட்டிக் கழட்டிக் கழுவினியே. சொன்னா நீ பயப்படுவேன்னுதான் நான் சொல்லல." அவர் நாற்காலியின் கையைத் தடவினார். "தெனமும் வந்து வதக்குவா. இங்க உக்காந்து அதை மோந்துகிட்டே இருப்பேன். எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. பசியே எடுக்கல."

பசியைக் கிளப்பத்தான் அம்மா தினமும் வந்து நின்றாள். இந்த மனிதர் அந்த மணத்தையே தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தார். மகளுக்குக் கோபம் வந்தது, கோபத்தோடு சிரிப்பும் வந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே வாசனையை, காதும் காதும் வைத்த மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

இருவரும் காத்திருந்தார்கள். நண்பகல் ஆனது, தாண்டியது. அடுப்பு சில்லென்று இருந்தது, சமையலறையும் வெறும் சமையலறையாக இருந்தது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். வாசனை திரும்பி வரவில்லை.

"பசிக்குது பாப்பா," என்றார் அப்பா. சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

அவள் எழுந்து தரையைத் துடைத்தாள், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இரும்புச் சட்டியையும் கத்தியையும் பலகையையும் மூன்று நீரில் அலசினாள். கூடையில் அவள் வாங்கி வைத்த வெங்காயம் இருந்தது, அப்பா வேறு என்று சொன்ன வெங்காயம். ஒன்றை எடுத்து, சதை போகாமல் சருகை மட்டும் உரித்து, பலகையில் வைத்தாள். கத்தி இறங்கியதும் நெடி மூக்கில் அறைந்தது. இரண்டாவது வெட்டில் கண் கரித்தது. மூன்றாவதில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

நறுக்கி முடித்துச் சட்டியில் போட்டாள். எண்ணெயில் விழுந்தபின் வெங்காயம் யாரையும் அழவைப்பதில்லை, அதுவும் அவளுக்குத் தெரியும். ஓரம் சிவந்தது. அந்த மணம் எழுந்தது. அது அம்மாவுடையது இல்லை. அவள் கையால், அவள் அடுப்பில், இப்போது வந்த மணம். அந்த வித்தியாசம் மூக்குக்குத் தெரிந்த இடத்தில்தான் அம்மா போய்விட்டாள் என்பது அவளுக்குப் புரிந்தது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதாள்.

அப்பா வாசலில் வந்து நின்றார்.

"என்ன, வெங்காயமா?" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். அம்மாவின் அந்தப் பதில் வாய்வரை வந்துவிட்டது.

"இல்லப்பா," என்றாள்.

அவர் உள்ளே வந்து, கருகிவிடாமல் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.